பூஜைத் துண்டுக்கு அடியில்

அன்று நண்பகலில் நான் அந்தத் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு வரிகூட வரவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களை உரிய இடத்தில், உரிய ஆட்களுக்கு முன்னால் நான் சொல்லியிருந்தால் ஒரு பெண்ணின் வேலையும் பெயரும் போயிருக்காது. நான் சொல்லவில்லை. சொல்லாததற்கு நல்ல காரணம் எதுவும் கிடையாது என்பதையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் காரணம்போலத் தோன்றக்கூடிய சில விஷயங்கள் வரும். அவற்றை யாரும் நம்ப வேண்டாம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன காஞ்சிபுரத்தில், கோயில் கைங்கரியமும் பாடசாலையுமாக இருந்த வீட்டில் பிறந்தவன். கணிதத்தில் மேற்படிப்பு முடித்து, சென்னையில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பி வந்து சேர்ந்த வேலை அது. சங்கத்தில் என்னைவிடக் கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் சொன்னால் மறு பேச்சு கிடையாது. அந்த நிலைமை எனக்குப் பிடித்திருந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில் தலைமை அலுவலகம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் விற்பனைக் கடை. ஊரின் தெற்கு ஓரத்தில், செவிலிமேட்டில், ஒரு டிசைன் கூடம். புடவையின் கரையையும் முந்தியையும் அங்கேதான் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவார்கள். வரைந்ததை ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தால், அட்டையில் துளை போடுகிறவர் தறிக்கு வேண்டிய அட்டைகளைத் தயார் செய்துவிடுவார்.

இந்த மூன்று இடத்துக் கம்ப்யூட்டர்களும் ஓயாமல் குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கும். யார் உள்ளே வந்தார், எந்தக் கோப்பைத் திறந்தார், எதை அச்சடித்தார், எப்போது மிஷினை மூடினார். அவற்றுக்கு லாக் என்று பெயர். அந்தந்த மிஷினுக்குள் யாரும் படிக்காமல் அவை மக்கிக்கொண்டிருந்தன. அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கென்று ஒரு சின்ன மென்பொருள் கிடைத்தது. ஏஜென்ட் என்பார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒன்றை உட்கார வைத்துவிட வேண்டும். அது தனித்தனித் துண்டுகளால் ஆனது. ஒரு துண்டு லாக்கைப் படிக்கும். ஒரு துண்டு அதைச் சலித்துச் சீர்செய்யும். இன்னொரு துண்டு என் மிஷினுக்கு அனுப்பிவைக்கும். எந்தத் துண்டோடு எதைச் சேர்ப்பது, எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதெல்லாம் நான் எழுதிவைக்கிற விதிகளைப் பொறுத்தது. டெலிபோன் லைன் அறுந்துபோனால் வரிகளைத் தேக்கிவைத்து, லைன் வந்ததும் அனுப்பும். அப்படித் தேக்கி அனுப்பிய வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடும். இந்தக் குறி பின்னால் முக்கியமாகிறது.

செவிலிமேட்டில் ஏஜென்டைப் போடப் போன அன்று, டிசைன் வரைகிற பெண் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நெசவுக் குடும்பத்துப் பெண். பாலிடெக்னிக்கில் படித்தவள். இரண்டு குழந்தைகள். அவள் வாய்க்குப் பயந்து அட்டை போடுகிறவர்கூட அவசரம் என்று வந்து நிற்க மாட்டார்.

"இன்னா சார் இது, உள்ள இன்னாத்தையோ உக்கார வைக்கிறீங்க?"

"நீங்க செய்யற வேலையெல்லாம் எனக்கு அனுப்பும்மா. என் மேஜையிலேயே பாத்துக்கலாம்."

"நான் எப்ப வந்தேன், எப்ப போனேன், எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

"அப்ப மாமியார்னு சொல்லுங்க. வீட்டுல ஒண்ணு இருக்குது, பத்தலைன்னு இங்க ஒண்ணா? தும்முனா கூட சொல்லிடுமா சார்?"

"தும்மல் வராது."

"எங்க வீட்டுதுக்கு அது கூட போவும். உங்கது கொஞ்சம் தேவல."

அன்றிலிருந்து செவிலிமேட்டில் ஏஜென்டுக்கு மாமியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வரிகள் நின்றுபோனால் எனக்குப் போன் செய்வாள். "சார், மாமியார் பேச மாட்டேங்குது, கோவமா இன்னான்னு கேளுங்க."

முதல் சில வாரங்களில் வரிகள் வந்து குவிந்தன. அவற்றில் ஒன்று எனக்குத் தொல்லையாக இருந்தது. மிஷினின் கடிகார நேரத்தை யாராவது மாற்றினால் 'நேரம் மாற்றப்பட்டது' என்று ஒரு வரி வரும். செவிலிமேட்டிலிருந்து அது அடிக்கடி வந்தது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அங்கே கடிகாரம் கொஞ்சம் பின்தங்கிவிடும். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரிசெய்வாள். ஏன் பின்தங்குகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, 'நேரம் மாற்றப்பட்டது' என்கிற வரி வந்தால் தள்ளிவிடு என்று ஒரு விதி எழுதினேன். தொல்லை நின்றது. அந்த விதியை எழுதியதையும் மறந்துபோனேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது.

சங்கத்தில் ஆயுத பூஜை வெறும் சடங்கில்லை. தராசு, சாயக் கொப்பரை, நாடா, அட்டை குத்துகிற கருவி, டெலிபோன், கம்ப்யூட்டர் என எல்லாவற்றையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். வழக்கமாக மாலையில் மிஷினை அணைத்துவிட்டுப் போவதோடு சரி, பிளக் சுவரிலேயே இருக்கும். பூஜை அன்று மட்டும் ஈரத் துணியால் துடைக்க வேண்டுமென்று பிளக்கையே பிடுங்கி வைப்பார்கள். கற்பூரம் காட்டியபிறகு மறுநாள் காலை வரை எதையும் தொடக் கூடாது. சங்கத் தலைவர் வயதான நெசவாளர். அவருக்கு இதில் விட்டுக்கொடுத்தல் கிடையாது. "பூஜை போட்ட தறியில அன்னிக்கே கை வச்சா வருசம் பூரா இழை அறுந்துக்கினே இருக்கும்" என்பார். சில வருடங்களுக்கு முன் ஒருவர் அப்படிக் கை வைத்து, அந்த வருடமே அவர் வீட்டில் சாவு விழுந்ததாக ஒரு பேச்சும் உண்டு. அந்த வீட்டுத் தறியில் ஆள் இல்லாதபோதும் சத்தம் கேட்டது என்பார்கள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. என் வீட்டிலும் பூஜை உண்டு, நானும் செய்வேன், அது வேறு. லாக் சேர்க்கிற மிஷினை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். அதனால் எல்லோரும் பூஜையில் இருந்தபோது, என் மிஷினின் திரையை மட்டும் அணைத்து, மேலே ஒரு பட்டுத் துண்டைப் போர்த்தினேன். அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. தலைவர் வந்து அந்தத் துண்டின் மேலேயே சந்தனம் தெளித்து, பூ வைத்தார். அவர் கையை எடுக்கிற வரை உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. மணி அடித்ததால் அவருக்குக் கேட்கவில்லை.

எல்லோரும் போனபிறகு, அலுவலகத்தின் இன்னொரு சாவி என்னிடம் இருந்ததால், நண்பகலில் திரும்பி வந்தேன். என் ஸ்கூட்டருக்கும் அன்று காலையில் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அதை மாலையோடு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏன் வந்தேன் என்று கேட்டால், எல்லா மிஷினும் அணைந்துகிடக்கிற நேரத்தில் லாக் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு ஆசை, அவ்வளவுதான். என் பெயரில் உள்ளே நுழைந்து, திரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

அறை முழுவதும் கற்பூரப் புகை தங்கியிருந்தது. ஜன்னல்களெல்லாம் அடைத்திருந்தன. தராசும் டெலிபோனும் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக என்னைப் பார்த்தபடி இருந்தன. மற்ற நாட்களில் வரிகள் சாரை சாரையாக ஓடும் திரை வெறுமையாகக் கிடந்தது. செவிலிமேடு: தொடர்பு இல்லை. கடை: தொடர்பு இல்லை. நான் வந்து நுழைந்ததற்கான என் பெயர் மட்டும் ஒரு வரியாக இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் இந்த நேரத்தில் விழித்துக்கொண்டிருப்பது நானும் இந்த மிஷினும் மட்டும்தான் என்று தோன்றியது. முதலில் அது பெருமையாக இருந்தது. பிறகு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. துண்டைப் போர்த்திவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தீபாவளி நெருங்கும்போது ஊரில் ஒரு தனியார் கடையின் கண்ணாடிப் பெட்டியில், எங்கள் சங்கம் இன்னும் வெளியிடாத புடவைக் கரை தொங்கியது. யாளியும் அன்னமும் மாறி மாறி வருகிற கரை. செவிலிமேட்டில் அந்தப் பெண் மாதக்கணக்கில் வரைந்தது. எங்கள் புடவை தறியைவிட்டு இறங்குவதற்கு முன்பே அவர்களுடையது விற்பனைக்கு வந்துவிட்டது. தலைவர் அந்தப் புடவையை நேரில் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றாமலே என் அறைக்குள் நுழைந்தார்.

"சாமி, உன் மிஷின்ல எல்லாம் பதிவாவுதுன்னு சொல்லுவியே. யாரு எடுத்தாங்கன்னு பாத்துச் சொல்லு."

பார்த்தேன். என் மிஷின், வருகிற வரிகளை அவற்றிலுள்ள தேதி நேரப்படி அடுக்கி, நாளுக்கு ஒரு கோப்பாக வைத்திருக்கும். அந்தக் கரையின் கோப்பு எப்போதெல்லாம் திறக்கப்பட்டது என்று தேடினேன். ஒரே ஒருமுறைதான் அது ஃப்ளாப்பியில் நகல் எடுக்கப்பட்டிருந்தது. ஆயுத பூஜை நாள். நண்பகல்.

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். அந்த நாளின் கோப்பை முழுதாகத் திறந்தேன். என் பெயர் உள்ளே வந்த வரி இருந்தது. அதற்கு அடுத்து, அவள் பெயர் செவிலிமேட்டில் உள்ளே வந்திருந்தது. கோப்பு திறந்தது. அச்சடித்தது. ஃப்ளாப்பியில் நகல் எடுத்தது. கடைசியில் நான் வெளியே போன வரி. நான் அந்த வெறுமையான திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்துக்குள், என் வருகைக்கும் போக்குக்கும் நடுவில், அந்த வரிகள் வந்து உட்கார்ந்திருந்தன. தேக்கி அனுப்பிய வரிகளாக இருக்குமோ என்று பக்கத்தில் நட்சத்திரக் குறியைத் தேடினேன். இல்லை. அப்படியானால் அவை எழுதப்பட்ட நொடியிலேயே என் திரைக்கு வந்திருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஆனால் வந்திருந்தன.

பூட்டிய அறையில் நான் உட்கார்ந்திருந்தபோது, எனக்குத் தெரியாமல் யாரோ பக்கத்தில் வந்து நின்று, வேலையை முடித்துக்கொண்டு போனதுபோல இருந்தது. ஆளில்லாத தறியின் சத்தம் பற்றிய அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. நான் படித்தவன், அதை அப்போதே தள்ளிவிட்டேன். தள்ளிவிட்டு, ஒரு படித்தவன் அடுத்ததாகச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. இந்த வரிகள் இருக்க முடியாதவை, இதில் ஏதோ தவறு இருக்கிறது என்று தலைவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். பூஜை போட்ட மிஷினை நான் அன்றைக்கே ஓட்டினேன், அவர் சந்தனம் தெளித்த துண்டுக்கு அடியில் அது ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். தீபாவளிப் புடவை கைவிட்டுப் போன அந்த வருடத்தில், அந்த அறையில், அந்த நெசவாளர்களுக்கு முன்னால்.

செவிலிமேட்டு மிஷினின் வரிகளை மட்டும் அச்சடிக்கச் சொல்லி ஒரு விதி போட்டேன். என் பெயர் இருந்த வரிகள் தாளில் வரவில்லை. அவளுடையவை மட்டும் வந்தன.

தலைவர் அறையில் விசாரணை. தலைவர், செயலாளர், அவள், நான். தாளை மேஜைமேல் வைத்தேன்.

"ஏம்மா," என்றார் தலைவர், "பூஜை அன்னிக்கு நீ செவிலிமேட்டுல இருந்தியா?"

"காலைல பூஜைக்கு இருந்தேன். பூட்டிக்கினு வீட்டுக்குப் போயிட்டேன். வீட்டுலயும் பூஜை இல்ல? இன்னா கேள்வி இது?"

"நகல் எடுத்திருக்கே. சாமி கணக்குல இருக்குது பாரு."

அவள் தாளை எடுத்துப் படித்தாள். முகத்தில் சிரிப்புகூட வந்தது. "இது மறுநாள் எடுத்ததுங்க. விஜயதசமி அன்னிக்குப் புதுசா ஆரம்பிக்கலாம்னு அட்டைக்காரருக்கு ஃப்ளாப்பி போட்டுக் குடுத்தேன். அவரையே கேளுங்க. சார், மறுநாளைக்குப் பாத்தீங்களா?"

மறுநாள் கோப்பில், மதியத்துக்கு முன்னால் செவிலிமேட்டிலிருந்து ஒன்றுமே இல்லை. அதைச் சொன்னேன்.

"அதெப்புடி? காலைலேந்து உக்காந்து வேலை பாத்தேனே!" கொஞ்சம் யோசித்தாள். "ஆங், சார்! அன்னிக்கு மிஷின்ல தேதி தப்பாக் காட்டிச்சி. அச்சடிச்ச தாள்ல முந்தின நாள் தேதி இருந்திச்சி. மதியம் பாத்துட்டு நான்தான் சரி பண்ணேன். அதுவா இருக்கும்."

செயலாளர் என்னைப் பார்த்தார். "அப்புடி ஆவுமா சார்?"

"நேரத்தை மாத்தினா அதுக்கும் ஒரு வரி வரும்," என்றேன். "நேரம் மாற்றப்பட்டதுன்னு வரும். தேடினேன். வரலை."

தேடியது உண்மை. வராததும் உண்மை. அந்த வரி வந்தால் தள்ளிவிடு என்று நான் எழுதிய விதி அப்போது நினைவில் இல்லை. இதற்காக மட்டும் என்னை மன்னித்துக்கொள்ள முடியும் என்று நினைத்து, பல வருடம் முயன்றிருக்கிறேன்.

அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது. "உங்க மாமியார் பொய் சொல்லுது சார்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா," என்றார் செயலாளர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "அன்னிக்கு மத்தியானம் நம்ம ஆபீசுக்கு யாராச்சும் வந்தாங்களா சார்?"

"பூஜை அன்னிக்கு யாரு வருவாங்க?" என்றார் தலைவர்.

"உங்களைக் கேக்கலீங்க. சாரைக் கேக்குறேன். யாராச்சும் வந்தாங்களா சார்?"

"யாரும் வரலை," என்றேன்.

 அவள் தாளை மடிப்பு கலையாமல் மேஜைமேல் வைத்தாள்.

திருட்டைவிடப் பூஜை நாளில் மிஷினைத் தொட்டதுதான் தலைவருக்கு ஆறவில்லை. அந்த வாரமே அவள் வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். செவிலிமேட்டுத் தெருக்களில் அவள் பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்ந்துகொண்டது. டவுன் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்று கேள்விப்பட்டேன். கொஞ்ச நாளில் குடும்பத்தோடு வாலாஜாபாத் பக்கம் போய்விட்டாள். அந்தக் கரையைத் தனியார் கடைக்கு யார் கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு வருடம் போனது. அந்த நண்பகல் கோப்பை நான் திறக்கவே இல்லை. ஆனால் அந்தி நேரத்தில் எல்லோரும் கிளம்பியபிறகு திரைக்கு முன்னால் தனியாக உட்கார முடியாமல் போய்விட்டது. என் கண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணுக்குத் தெரியாமல் வரிகள் வந்து சேருகின்றன என்கிற எண்ணம் விடவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் மிஷினை முறையாக நிறுத்தினேன். பிளக்கை நானே பிடுங்கினேன். தலைவர் சந்தனம் தெளித்தபோது உள்ளே சத்தம் எதுவும் இல்லை. விஜயதசமி கழிந்து சில நாட்கள் சென்றபின், வேறு எதற்காகவோ கோப்புகளைப் புரட்டினேன். பூஜை நாளுக்கு ஒரு கோப்பு இருந்தது. அன்று என் மிஷினே ஓடவில்லை. கோப்பு இருக்கவே கூடாது.

திறந்தேன். நண்பகல். செவிலிமேடு. அவள் பெயர்.

அவள் ஊரைவிட்டுப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. அவள் உள்ளே வந்திருந்தாள். கோப்பைத் திறந்திருந்தாள். அச்சடித்திருந்தாள். முந்தைய வருடம் செய்த அதே வேலையை அதே நேரத்தில் செய்திருந்தாள். நான் திரையை அணைக்காமலே எழுந்து வாசலுக்கு வந்து நின்றுவிட்டேன். தெருவில் வெயிலும் சைக்கிள் மணியும் பூக்காரியின் கூவலும் இருந்தன. 

வெயிலில் நின்று கொஞ்சம் தெளிந்தபின், நேரே செவிலிமேட்டுக்குப் போனேன். அவள் இடத்தில் வந்திருந்த இளைஞன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். "இந்த மிஷின்ல யார் பேர்ல உள்ள வர்றே?"

"அந்தக்கா பேர்லயே தான் சார். பாஸ்வேர்ட் திரையிலயே ஒட்டி வச்சிருந்தாங்க. எனக்குன்னு தனியா நீங்க ஒண்ணும் போட்டுக் குடுக்கலையே."

"பூஜை அன்னிக்கு வந்தியா?"

"ஐயோ சார், தலைவர் உரிச்சிடுவாரு. மறுநாள் காலைலதான் பிளக்கைப் போட்டேன். மிஷின் தேதியே மாறலை சார், பூஜை நாளையே காட்டிக்கினு நின்னுச்சி. சாயங்காலம்தான் பாத்து மாத்துனேன்."

மிஷினின் மூடியைக் கழற்றினேன். கடிகாரத்தை ஓட்டுகிற வட்டமான சின்ன பேட்டரி ஏறக்குறைய செத்துப்போயிருந்தது; நேரத்தை நினைவில் வைக்கத்தான் அதில் தெம்பு இருந்தது, ஓட்ட இல்லை. பிளக் சுவரில் இருக்கிறவரை அந்த மின்சாரத்திலேயே கடிகாரம் ஓடும். மின்சாரம் போனாலோ பிளக்கைப் பிடுங்கினாலோ அந்த இடத்திலேயே நின்றுவிடும். மீண்டும் போட்டால் நின்ற இடத்திலிருந்து தொடரும். பிளக்கைப் பிடுங்குகிற நாள் வருடத்தில் ஒன்றுதான். மறுநாள் செய்கிற வேலையெல்லாம் பூஜை நாளின் தேதியோடு, லைன் இருந்ததால் நட்சத்திரக் குறியும் இல்லாமல், என்னிடம் வந்துகொண்டிருந்தது. என் மிஷின் அந்தத் தேதியை நம்பி, அவற்றை நான் உட்கார்ந்திருந்த அந்த நண்பகலுக்குள் கொண்டுபோய் அடுக்கியது. அலுவலகத்துக்குத் திரும்பி விதிகளைப் படித்தேன். 'நேரம் மாற்றப்பட்டது: தள்ளிவிடு.' என் கையெழுத்தைப்போல எனக்கு அது அடையாளம் தெரிந்தது.

அவள் சொன்னதெல்லாம் எழுத்துக்கு எழுத்து உண்மை. புது பேட்டரி வாங்கிப் போட்டேன். விதியை அழித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இப்படியே சில மாதங்கள் போயின.

பிறகு ஒரு நாள் பஸ் ஏறி வாலாஜாபாத்துக்குப் போனேன். ஜெராக்ஸ் கடை ஒன்றில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க சார். பத்திரிகையா? யாருக்குக் கல்யாணம்?"

கடைக்காரர் வெளியே போகிற வரை காத்திருந்து சொன்னேன். பேட்டரியையும் விதியையும் சொன்னேன். அவள் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்மாம் பெருசு சார் அந்த பேட்டரி?"

விரலால் காட்டினேன்.

"ஒரு ரூபா காசாட்டம்தானா." மறுபடியும் தட்டெழுத்தில் கை வைத்தாள். "அதைச் சொல்லவா வந்தீங்க? இன்னொண்ணு இருக்குதே."

மேஜைமேல் கிடந்த மாதிரிப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் புரட்டினேன்.

"அன்னிக்கு மத்தியானம் எங்க சித்தி வீட்டுக்குப் பஸ்ல போறேன். ஆபீஸ் வாசல்ல உங்க வண்டி நிக்குது, சாமந்தி மாலையோட. ஐயரு பூஜை அன்னிக்கும் மாமியாரை விட்டுப் பிரிய மாட்டேங்கறாருன்னு நெனச்சிச் சிரிச்சிக்கினே போனேன்."

"ஏம்மா அன்னிக்கே சொல்லலை?"

"நான் சொன்னா? மாட்டிக்கினா இல்ல, அதான் சார் மேல பழியைப் போடுறாம்பாங்க. நீங்க சொன்னாத்தான் சார் நம்புவாங்க. அதான் கேட்டேன். ரெண்டு வாட்டி கேட்டேன்."

மன்னித்துவிடு என்று சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

"எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க. அடுத்த பூஜைக்கு எல்லாரும் கூடுவாங்க இல்ல? அவங்க முன்னால சொல்லுங்க. எம் பொண்ணு பெருசாவுறா. திருடி பொண்ணுன்னு சொல்றானுங்க ஊர்ல."

சொல்கிறேன் என்றேன். உண்மையாகவே நினைத்துத்தான் சொன்னேன்.

முதலில் தலைவரைத் தனியாகப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "முடிஞ்சிபோனதை எதுக்கு சாமி கிளர்றே? பூஜை போட்ட மிஷினை நீ ஓட்டுனேன்னு தெரிஞ்சா ஜனங்க உன்னைச் சும்மா விடாது. என்னையும் விடாது, நான்தானே பூ வச்சேன். அந்தப் பொண்ணுக்குத்தான் வேற வேலை கெடச்சிடுச்சில்ல? விட்டுடு." அவர் அப்படிச் சொன்னபோது என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்த நிம்மதியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பொய் சொன்னதைவிட அதுதான் என்னை எனக்குக் காட்டிக்கொடுத்தது.

அந்த வருடப் பூஜைக்கு அவள் வந்தாள். வாலாஜாபாத்திலிருந்து பஸ் ஏறி, பெண்ணையும் கூட்டிக்கொண்டு. உள்ளே வரவில்லை. வெளி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் பார்த்தேன். அவள் பார்ப்பதையும் பார்த்தேன். கற்பூரம் காட்டினார்கள். தலைவர் எல்லோருக்கும் குங்குமம் கொடுத்தார். இரண்டு வார்த்தை பேசுவதற்கு அங்கே வேண்டிய அமைதி இருந்தது. பொரியும் கடலையும் பங்கிடுகிற சத்தம் கிளம்புகிற வரை இருந்தது. நான் என் மிஷினின் துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

கூட்டம் கலைந்தபோது வெளியே போனேன். ஸ்கூட்டரின் மாலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். பொரிப் பொட்டலம் ஒன்றை யாரோ அவள் மகளின் கையில் கொடுத்திருந்தார்கள்.

"வரேன் சார்," என்றாள், தினமும் சொல்கிற குரலில். "மாமியாரை நல்லாப் பாத்துக்கோங்க."

இருவரும் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தார்கள். அதற்குப்பின் நான் அவளைப் பார்க்கவில்லை. பிறகு ஒருமுறை அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனபோது, எங்கே போனார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. தலைவர் இறந்துவிட்டார். சங்கத்தில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆளே இல்லாத காலத்தில் இதை எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பெண்ணோ அவள் மகளோ என்றைக்காவது இதைப் படித்தால், அந்த ஊரில் ஒருவன் பொய் சொன்னான், அது நீங்கள் இல்லை என்று எழுத்தில் இருக்கட்டும்.

அவள் வந்துபோன அந்தப் பூஜைக்கு மறுவாரம், எல்லோரும் கிளம்பியபிறகு அந்த நாளின் கோப்பைத் தேடினேன். பேட்டரி புதிது, விதி இல்லை, பிளக்குகளெல்லாம் பிடுங்கியிருந்தன. கோப்பு இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் கதவைச் சாத்திவிட்டு, வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் பெயர் வரும் என்று காத்திருந்தேன். முன்பு அது வந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கு வந்தால் தேவலை என்றிருந்தது.

ஒரு வரிகூட வரவில்லை.